கடவையும் எல்லைக்கோடும்
சர்வதேசச் சட்ட ஆய்வில் சமூக விஞ்ஞான அணுகுமுறைகள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

1

சர்வதேசச் சட்டம் பற்றி எழுதுவதற்கு இலக்கிய மாணவன் ஒருவனுக்கு என்ன உரித்து உண்டு என்ற வினா எழுவது இயல்பே. சட்டம் சட்டவறிஞருக்குரியது, இலக்கியம் இலக்கியவாணருக்குரியது என்ற துறைப்பிரிவினை நமது பல்கலைக்கழகங்களில் ஆழ வேரூன்றியுள்ளது. ஆயினும் தமிழிலக்கிய ஆராய்ச்சியின் அண்மைக்கால வரலாறே இப்பிரிவினைக்கு எதிரான சான்றாக நிற்கின்றது. கைலாசபதியும் சிவத்தம்பியும் பேர்மிங்காமில் ஜோர்ஜ் தொம்சனிடம் பயின்று திரும்பியபோது, மானிடவியலும் பொருளாதார வரலாறும் சங்கச் செய்யுளின் ஆய்வுக்கு அந்நியமானவையல்ல என்பதை நிறுவிக் காட்டினர். திணைக்கோட்பாட்டைப் பண்டைத் தென்னிந்தியாவின் சமனற்ற பொருளாதார வளர்ச்சியுடன் இணைத்து நோக்கிய சிவத்தம்பியின் ஆங்கிலக் கட்டுரை 1974இல் வெளிவந்தது. நெய்தல் என்பது வெறும் கவிதை மரபன்று, ஒரு குறிப்பிட்ட உழைப்பு முறையின் வெளிப்பாடு என்ற தெளிவை அவ்வாய்வு தந்தது.

அதே 1974ஆம் ஆண்டிலேயே, நெய்தல் நிலத்தின் மீது பிறிதொரு வகை எழுத்தும் எழுதப்பட்டது. யூன் 26ஆம் திகதி கொழும்பிலும் 28ஆம் திகதி புதுடில்லியிலும் ஒப்பமிடப்பட்ட இந்திய - இலங்கை உடன்படிக்கை, ஆதாம் பாலத்துக்கும் பாக்கு நீரிணைக்கும் இடைப்பட்ட கடலை ஒரு கோட்டினால் இரண்டாக வகுத்தது. கடலைப் பற்றிய இவ்விரு எழுத்துக்களையும் ஒருங்கே வைத்துப் படிக்கும் முயற்சி நம்மிடையே மேற்கொள்ளப்படவில்லை. அத்தகைய படிப்புக்கு எத்தகைய ஆய்வுமுறை வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

ஆய்வுக்கு நிலைக்களனாக மன்னார்ப் பெருநிலத்தின் இலுப்பைக்கடவைக் கரை கொள்ளப்படுகின்றது. மன்னாரிலிருந்து பூநகரி நோக்கிச் செல்லும் பாதையில், விடத்தல்தீவுக்கு வடக்கே, பாக்குக்குடாவை நோக்கி அமைந்தது இவ்வூர். கடவை என்பது கடந்து செல்லும் இடம். இன்றும் புகையிரதக் கடவை, பாதசாரிக் கடவை என்று நாம் வழங்குகின்றோம். கடப்பதைக் குறிக்கும் சொல் ஊருக்குப் பெயராக நிற்க, அவ்வூரின் முன்னுள்ள கடலிலோ கடக்கக்கூடாத கோடு வரையப்பட்டிருக்கின்றது. இம்முரண்பாட்டின் பொருள் சொல்லாராய்ச்சியால் மட்டும் விளங்கிவிடாது.

2

முதலில் சட்டம் தன்னைப் பற்றித் தானே கூறுவதைக் கேட்போம். 1921 ஒக்டோபரில் சென்னை மாகாணத்தினதும் இலங்கையினதும் குடியேற்ற அரசுகளின் பிரதிநிதிகள் கொழும்பிற் கூடி ஒரு கோட்டை வரைந்தனர். மீன்வளத்தைப் பங்கிடுவதே அதன் நோக்கம். அந்தக் கோடு முறைப்படி உறுதிசெய்யப்படவில்லை. 1974 உடன்படிக்கை கச்சதீவை இலங்கையின் பக்கத்தில் விட்டு எல்லையைத் தீர்மானித்தது. இந்தியக் கடற்றொழிலாளரும் யாத்திரிகரும் முன்போலவே கச்சதீவுக்குச் சென்றுவரலாம் என 5ஆம் உறுப்புரையும், இரு நாட்டுக் கலங்களும் மற்றைய நாட்டு நீர்ப்பரப்பில் மரபாக அனுபவித்த உரிமைகளைத் தொடர்ந்து அனுபவிக்கும் என 6ஆம் உறுப்புரையும் கூறின. 1976 மார்ச் 23இல் மன்னார் வளைகுடாவுக்கும் வங்காள விரிகுடாவுக்குமான எல்லை வகுக்கப்பட்டபோது, அதனுடன் பரிமாறப்பட்ட கடிதங்கள் ஒரு நாட்டின் மீன்பிடிக் கலங்கள் மற்றைய நாட்டின் நீர்ப்பரப்பில் வெளிப்படையான அனுமதியின்றி மீன்பிடித்தலாகாது என விதித்தன. பின்னர் 1982ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடற்சட்டச் சமவாயம் வந்தது. அச்சமவாயத்தை உருவாக்கிய மாநாட்டுக்கு 1980இல் இறக்கும்வரை தலைமை தாங்கியவர் இலங்கையரான ஷேர்லி அமரசிங்க என்பதும் ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

இவ்வாவணங்களை அவற்றின் சொற்களுக்குள்ளேயே நின்று படிக்கும் முறைக்குத் தனிப் பயன் உண்டு. அதனை நாம் இகழ்வதற்கில்லை. 5ஆம் உறுப்புரை மீன்பிடி உரிமை பற்றிப் பேசவில்லை, சென்றுவரும் உரிமை பற்றியே பேசுகின்றது என்பதைக் கவனிக்காது மேடைகளில் முழங்குவோருக்குச் சொல்லாய்வு ஒரு நல்ல மருந்து. ஆயின் சட்டவியலாளரின் படிப்பு ஓரிடத்தில் நின்றுவிடுகின்றது. 1976ஆம் ஆண்டுக் கடிதங்கள் முற்றிலும் பரஸ்பரமானவை. இங்குள்ளவர் அங்கு செல்லக்கூடாது, அங்குள்ளவர் இங்கு வரக்கூடாது. அதே கடிதங்களில் கன்னியாகுமரிக்குத் தெற்கேயுள்ள வாட்ஜ் மேடு பற்றிய பகுதி இந்த உருவச் சமத்துவத்தின் உள்ளடக்கத்தை வெளிக்காட்டுகின்றது. அங்கு தொழில் செய்துவந்த இலங்கைக் கலங்களுக்காக இடைக்கால ஏற்பாடு ஒன்று செய்யப்பட்டது. ஆறு கலங்கள், மூன்று ஆண்டுகள், ஆண்டொன்றுக்கு 2,000 தொன்னுக்கு மேற்படாத மீன் என்று கணக்கிட்டு எழுதப்பட்டது. கொழும்பிலிருந்து சென்ற பெரிய இழுவைக் கப்பல்களுக்குக் கிடைத்த இந்த அவகாசம், பாக்குக்குடாவின் இரு கரைகளிலும் வள்ளம் விட்ட சிறு தொழிலாளிக்கு ஒரு வரியிலேனும் எழுதப்படவில்லை. சட்டத்தின் சொற்களை மட்டும் படிப்பவர் இம்மௌனத்தைப் படிக்க மாட்டார்.

3

மௌனத்தைப் படிப்பதற்கு வரலாறு வேண்டும். சர்வதேசச் சட்டம் ஐரோப்பாவிற் பிறந்து முதிர்ந்து பின்னர் கீழைத்தேயங்களுக்கு வழங்கப்பட்டது என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. 1950களில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் சர்வதேசச் சட்டம் கற்பித்த அலெக்சாந்திரோவிச் இதனை மறுத்தார். கிழக்கிந்தியத் தீவுகளினதும் கரைகளினதும் அரசுகளோடு ஐரோப்பியர் செய்த ஒப்பந்தங்களை ஆராய்ந்து அவர் 1967இல் வெளியிட்ட நூல், கீழைத்தேய அரசுகள் அச்சட்டத்தின் உருவாக்கத்தில் முழுமையான பங்காளிகளாக இருந்து பின்னரே வெளித்தள்ளப்பட்டன எனக் காட்டிற்று. இலங்கையிற் பிறந்த அன்ரனி அங்கி இன்னும் ஒருபடி மேலே சென்றார். இறைமை என்ற கோட்பாடே குடியேற்ற மோதலின்போது வார்க்கப்பட்டது என்பது அவருடைய வாதம்.

மன்னார்க் கடல் இவ்வாதங்களுக்கு நேரடிச் சான்று தருவது. 1758இல் வெளிவந்த வாட்டெலின் நூல், கடல் எவருக்கும் உடைமையாகாது என்ற பொது விதிக்கு விலக்காக எடுத்துக்காட்டிய உதாரணங்கள் பஹ்ரெயினினதும் இலங்கையினதும் முத்துக்குளிப்பிடங்களாகும். அவை தனியுடைமையாக முடியும் என்பதில் அவருக்கு ஐயமிருக்கவில்லை. அப்போது மன்னாரின் முத்துச் சலாபம் ஒல்லாந்தர் கையில் இருந்தது. கடற்சுதந்திரம் பேசிய குரோசியஸின் நாட்டவர், தாம் கைப்பற்றிய முத்துப்பாரை மீது சுதந்திரம் பேசவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாக்குக்குடாவில் இராமநாதபுரம் சமஸ்தானத்துக்குரிய படுக்கைகளிலிருந்து சங்கு எடுத்தது களவாகுமா என்ற வழக்கில், ஆகும் என்று சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவ்வாறு மன்னார்க் கடலின் அடித்தளமும் அதில் மூச்சடக்கி மூழ்கியவனின் உழைப்பும் உலகச் சட்டநூல்களுக்கு உதாரணங்களாயின. உதாரணமாகிய கடலின் மக்கள் அந்நூல்களில் இடம்பெறவில்லை.

இவ்விடத்து இலக்கிய மாணவனுக்கு அறிமுகமான ஒருவர் குறுக்கிடுகின்றார். 1904இல் இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த லெனாட் வூல்ஃப், 1906இல் மரிச்சுக்கட்டி முத்துக்குளிப்பைக் கண்காணிக்க அனுப்பப்பட்டார். குளிகாரர் கொணர்ந்த சிப்பிக் குவியலில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, எஞ்சிய ஒரு பங்கு உழைத்தவருக்கு. இப்பங்கீட்டை நேரிற் கண்ட இளம் உத்தியோகத்தர் பத்தாண்டுகளின் பின், 1916இல், பேபியன் சங்கத்துக்காகச் சர்வதேச அரசாங்கம் பற்றிய நூலை எழுதினார். சர்வதேச சங்கம் பற்றிய அக்காலச் சிந்தனையில் அந்நூல் செல்வாக்குப் பெற்றது. தபால், தந்தி முதலிய துறைகளில் நாடுகளிடையே வளர்ந்த ஒத்துழைப்பை ஆராய்ந்து, சட்டத்தைச் சமூக உறவுகளின் விளைவாகக் கண்டது அதன் சிறப்பு. ஆயினும் முத்துக்குளிப்பின் கசப்பு அந்த அரசியல் நூலில் அன்றி, 1921இல் வந்த சிறுகதைத் தொகுதியிலேயே இடம்பெற்றது. ஒரே மனிதரின் அனுபவம், சட்டத்துக்கு ஒன்றாகவும் புனைகதைக்கு வேறொன்றாகவும் பிரிந்துபோயிற்று. துறைகளைப் பிரித்து வைப்பதன் விலை யாது என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று தேவையில்லை.

4

வரலாறு மட்டும் போதுமா? இன்றைய வழமையை அறிவதற்குச் சமூகவியலும் மானிடவியலும் துணைவேண்டும். சாலி ஃபோக் மூர் 1973இல் முன்வைத்த கருத்து இங்கு பயனுடையது. அரசின் சட்டம் வெற்றிடத்தில் இறங்குவதில்லை. தத்தமக்கென விதிகளையும் கட்டாயங்களையும் உடைய சமூகக் களங்களிலேயே அது இறங்குகின்றது என அவர் காட்டினார். இந்நோக்கில் சோழமண்டலக் கரையை ஆராய்ந்த மார்ட்டின் பாவிங்க், ஊர்ப் பஞ்சாயத்தின் விதியும் இழுவைப்படகுக்காரரின் விதியும் அரசின் விதியும் ஒரே கடலில் மோதிக்கொள்வதை 2001இல் வெளியிட்ட நூலில் விவரித்தார்.

பாக்குக்குடாவில் இதன் செயற்பாடு வியப்புக்குரியது. இராமநாதபுரக் கரையில் இழுவைப்படகுகளுக்கும் நாட்டுப்படகுகளுக்கும் இடையே மூண்ட மோதல்களைத் தணிப்பதற்காக, வாரத்தில் மூன்று நாள் இழுவைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என ஏற்பாடு செய்யப்பட்டது. இது ஒரு மாநிலத்தின் உள்ளூர் ஒழுங்கு. எந்தச் சர்வதேச ஆவணத்திலும் இதற்கு இடமில்லை. ஆயினும் இழுவைப்படகுகள் கோட்டைக் கடந்து வருவதால், அவை வரும் இரவுகளில் வடபுலக் கரையில் வலை விரிப்பவன் வலையை இழக்கின்றான். ஆகவே அந்நாள்களில் அவன் கடலுக்குப் போகாதிருக்கப் பழகிக்கொண்டான். மன்னார்க் கரையில் நண்டுவலை கட்டும் ஒருவனது தொழில் வாரத்தை நிர்ணயிப்பது கொழும்பின் சட்டமன்று, ஜமேக்காவில் ஒப்பமிடப்பட்ட சமவாயமுமன்று, மறுகரையின் உள்ளூர் உடன்பாடே என்றால், நடைமுறையிலுள்ள சர்வதேசச் சட்டம் எது? சட்டநூலைத் திறந்து இவ்வினாவுக்கு விடைகாண இயலாது. கடற்கரையில் நாள்களை எண்ணிப் பார்த்த ஆய்வாளர்களே இவ்வினாவை எழுப்பினர்.

எனினும் மானிடவியல் அணுகுமுறைக்கும் ஓர் எல்லை உண்டு. பல சட்டங்கள் அருகருகே வாழ்கின்றன என்று அது விவரிக்கும்போது, அவற்றுள் எது எதனை ஏன் வெல்கின்றது என்ற வினா மங்கிவிடுகின்றது. 2010 ஓகஸ்டில் தமிழகத்து மீனவர் பிரதிநிதிகள் இலங்கை வந்து வடபுலத் தொழிலாளரோடு பேசி, ஓராண்டுக்குள் இழுவைமடியைக் கைவிடுவதாக உடன்பட்டனர். அரசுகள் அதனை அங்கீகரிக்கவில்லை. கோடு இட்டோர் அல்லாமல் கடலில் உழைப்போர் தாமே செய்த அவ்வுடன்பாடு செயலற்றுப் போயிற்று. பன்மைச் சட்டம் என்ற விவரணம் இத்தோல்வியின் காரணத்தைக் கூறாது. அதற்கு முதலீட்டின் கணக்கைப் பார்க்க வேண்டும்.

5

மார்க்சிய மரபில் சர்வதேசச் சட்டம் பற்றிய முதன்மையான சிந்தனை பசுக்கானிஸுடையது. பண்டப் பரிமாற்றத்திற் சந்திக்கும் உடைமையாளர் இருவர் ஒருவரையொருவர் சமமான உரிமையாளராகக் கருதவேண்டியுள்ளது. அவ்வுறவின் உருவமே சட்டத்தின் உருவம் என அவர் 1924இல் வாதித்தார். இறைமையுள்ள அரசுகள் தமது பிரதேசத்துக்கு உடைமையாளராக நின்று பேரம் பேசுவதை இதன் விரிவாக நோக்கினார். நாவலாசிரியருமான சைனா மியேவில் 2005இல் இவ்வாதத்தை மீட்டெடுத்து, சம உரிமைகள் மோதுமிடத்து முடிவு செய்வது பலமே என்ற மார்க்சின் கருத்திலிருந்து தமது நூலுக்குத் தலைப்பும் கொண்டார். 1976ஆம் ஆண்டுக் கடிதங்களின் பரஸ்பரத்தை இவ்வாதம் நன்கு விளக்குகின்றது. கோட்டைக் கடக்க இருவருக்கும் தடை. ஆனால் கடக்கும் எந்திரவலு ஒருவரிடமே உண்டு.

ஆயினும் உருவத்தை மட்டும் நோக்கும் இவ்வாய்வு உள்ளடக்கத்தைப் புறக்கணிக்கின்றது என்ற சிம்னியின் விமர்சனம் நியாயமானதே. இழுவைப்படகு வானத்திலிருந்து விழவில்லை. 1952இல் இந்தியாவும் நோர்வேயும் ஐக்கிய நாடுகளும் செய்த ஒப்பந்தத்தின்வழி கேரளத்தில் தொடங்கிய மீன்பிடி அபிவிருத்தித் திட்டம், எந்திரப் படகையும் உறையவைத்த இறாலின் ஏற்றுமதியையும் தென்னிந்தியக் கரைகளில் வேரூன்றச் செய்த சக்திகளுள் ஒன்று. அரசு மானியமும் வெளிநாட்டுச் சந்தையும் கரையில் வாழாத முதலாளிகளைத் தொழிலுக்குள் கொணர்ந்தன. ஆகவே சர்வதேசச் சட்டம் இழுவைப்படகைத் தடுக்கும் கோடாக மட்டும் கடலில் இறங்கவில்லை. அதற்கு முன்னரே, அப்படகைப் படைத்த உதவி ஒப்பந்தமாகவும் இறங்கியிருந்தது. தன் கரையின் அடிநிலத்தை வாரித் தீர்த்த மூலதனம் மறுகரைக்கு நகர்வது அதன் இயல்பு. அப்படகிற் கூலிக்குச் சென்று சிறைப்படுபவனும் சுடப்படுபவனும் பெரும்பாலும் படகின் உடைமையாளன் அல்லன் என்பதையும் இவ்விடத்துச் சேர்த்தே கூறவேண்டும்.

இக்கரையிலும் வர்க்கங்கள் இல்லாமலில்லை. சம்மாட்டியின் முற்பணத்திற் கட்டுண்ட தொழிலாளி இங்கும் உண்டு. பேசாலையிலும் குருநகரிலும் உள்ளூர் இழுவைப்படகுகள் தொழில் செய்தன. இலங்கைப் பாராளுமன்றம் 2017இல் அடிநில இழுவைமடியைத் தடைசெய்தபோது அது அவர்களையும் தாக்கியது. 1980களிலிருந்து போர்க்காலத் தடைகளால் கடலை இழந்து, 2008இல் இடம்பெயர்ந்து, பின்னர் திரும்பிய இலுப்பைக்கடவைப் பகுதியினர், தாம் இல்லாத காலத்தில் பிறரது மூலதனம் பழகிவிட்ட கடலுக்கே திரும்பினர். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் இக்கரைகளிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் தமது பாடுகளைத் தேடித் திரும்பியதும் இக்கடலுக்கே. இவர்கள் அனைவரையும் ‘மன்னார் மீனவர்’ என்ற ஒரு சொல்லில் அடக்குவது வசதியானது, உண்மையானதன்று.

6

சொற்களைப் பற்றிய இவ்வினாவே இலக்கிய மாணவனைத் தன் துறைக்குத் திருப்பிக் கொணர்கின்றது. ஒரு வள்ளம் கரையிலிருந்து புறப்பட்டுக் கோட்டைக் கடக்கின்றது. அதில் இருப்பவன் கச்சதீவு அந்தோனியார் திருவிழாவுக்குச் செல்கையில் யாத்திரிகன். வலை விரித்தால் அத்துமீறியவன். துணிப்பொதி இருந்தால் கடத்தற்காரன். 1983க்குப் பின் குழந்தைகளோடு இராமேசுவரம் நோக்கிச் சென்றபோது அகதி. அதிலும், 1951ஆம் ஆண்டு அகதிகள் சமவாயத்தில் இந்தியா பங்காளியாகாமையால், அப்பெயர் அச்சமவாயத்தின் உரிமைகளைத் தராத பெயராயிற்று. கோட்டைக் கடக்காது வன்னிக்குள்ளேயே அலைந்தவனுக்கோ அச்சமவாயத்திற் பெயரே இல்லை. கடல் ஒன்று, வள்ளம் ஒன்று, ஆளும் ஒருவனாகவே இருக்கலாம். பெயரிடும் அதிகாரமே அவனது விதியைத் தீர்மானிக்கின்றது. பாத்திரங்களை வகைப்படுத்தும் எழுத்தை விமர்சிக்கப் பயின்ற நாம், இந்த வகைப்பாட்டை விமர்சியாது விடுவது எங்ஙனம்?

தமிழ்க் கருத்துநிலையும் இவ்வகைப்பாட்டில் பங்கு கொள்கின்றது. இரு கரையினரும் தொப்புள்கொடி உறவினர் என்ற சொல்லாட்சி தமிழக மேடைகளிற் பெருவழக்கு. கச்சதீவை மீட்டால் யாவும் தீரும் என்ற முழக்கமும் அவ்வாறே. நிரந்தரக் குத்தகை, உரிமம் வழங்கல் எனப் பாக்குக்குடாச் சிக்கலுக்குத் தீர்வுகளை ஆராய்ந்த சூரியநாராயண் போன்ற அரசறிவியலாளரின் உழைப்பு மதிப்புக்குரியது. ஆயினும் அரசுகளிடையேயான பேரமாகவே சிக்கலை நோக்குகையில், வலையிழந்தவனின் கடன் கணக்கு ஓரத்துக்குச் செல்கின்றது. உறவு என்ற சொல், உறவினனே வலையை அறுத்தான் என்று சொல்லவியலாத வாயடைப்பாக மாறுகின்றது. மறுபுறம் அதே சொல்லைப் பேரினவாதம் எள்ளி நகையாடி, வடபுலத் தொழிலாளி மீது திடீர்ப் பரிவு காட்டுகின்றது. போர்க்காலத்தில் அவனைக் கடலிலிருந்து விலக்கிய அரசின் பரிவு அது என்பதை அவன் மறக்கவில்லை. இவ்விரு கருத்துநிலைகளுக்கும் இடையே தனது நலனைத் தன் சொல்லிற் கூறுவதற்கு அவனுக்கு ஒரு மொழி வேண்டும். அம்மொழியை ஆக்குவதில் நமது எழுத்துக்குக் கடமை உண்டு. ஈழத்து முற்போக்கு இலக்கியம் ஒருகாலத்தில் ஆலயப் பிரவேசத்துக்கும் தேநீர்க்கடைப் பிரவேசத்துக்கும் மொழி தந்தது. கடலின் அரசியற் பொருளாதாரத்துக்கு அது அதேயளவு மொழி தரவில்லை என்பது நமது தற்குறைவு.

7

மேற்கூறியவற்றால் பெறப்படுவது யாது? பல துறைகளை வரிசையாக அடுக்குவது துறையிணைந்த ஆய்வாகாது. சட்டவியல் சொல்லின் எல்லையைத் தருகின்றது. வரலாறு அச்சொல் பிறந்த மோதலைக் காட்டுகின்றது. மானிடவியல் சொல்லுக்கு அப்பால் வாழும் விதியைக் காட்டுகின்றது. அரசியற் பொருளாதாரம் அவ்விதிகளுள் எது வெல்லும், எதனால் வெல்லும் என்பதை விளக்குகின்றது. யார் உழைக்கின்றார், யார் உடைமை கொள்கின்றார், யார் பெயரிடுகின்றார் என்ற வினாக்கள் இவற்றை ஒன்றிணைக்கின்றன. அவ்வினாக்கள் இல்லாத இடத்துப் பல்துறை நோக்கு என்பது கருத்தரங்கு அழைப்பிதழின் அலங்காரச் சொல்லாகவே எஞ்சும்.

மார்க்சியர் நம்மை நாமே விமர்சித்துக்கொள்ளவும் வேண்டும். சட்டத்தை மேற்கட்டுமானம் எனக் கூறி ஒதுக்கியதால், அதன் சொற்களைப் படிக்கும் பொறுமையை நாம் இழந்தோம். பாதிக்கப்பட்டவன் சட்டத்தை அவ்வாறு ஒதுக்க வசதியற்றவன். இழுவைமடித் தடையை இலங்கைச் சட்டநூலில் ஏற்றுவதற்காக வடபுலத் தொழிலாளர் சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் போராடியமை, சட்டமும் ஒரு போராட்டக்களம் என்பதை அவர்கள் நம்மினும் நன்கு அறிந்திருந்தனர் என்பதைக் காட்டுகின்றது. சர்வதேச நீதிமன்றத்தில் வீரமந்திரி, இலங்கையின் பண்டைக் குளங்களை எடுத்துக்காட்டி, 1997இல் தன்யூப் நதி வழக்கில் தனிக்கருத்து எழுதினார். நிலத்தையும் நீரையும் பேணிய மரபு உலகச் சட்டத்துக்கு ஊற்றாக முடியும் என்பது அவருடைய துணிபு. இலுப்பைக்கடவையை உள்ளடக்கும் மாந்தை மேற்குப் பிரதேசத்திலேயே அத்தகைய பெருங்குளமான கட்டுக்கரைக்குளமும் உள்ளது. குளத்துக்குக் கிடைத்த அம்மதிப்பு கடலுக்கும் கிடைக்கவேண்டுமெனின், பாடும் முறையும் வலையின் கண்ணளவும் பற்றி இரு கரைத் தொழிலாளரும் வழிவழியாக வைத்திருந்த விதிகள் தொகுக்கப்பட வேண்டும். அவற்றை அறிந்த முதியவர்கள் இன்னும் சிலகாலமே நம்மிடையே இருப்பர். தமிழ்த்துறை மாணவரும் சட்டத்துறை மாணவரும் புவியியல் மாணவரும் ஒரே குறிப்பேட்டுடன் மன்னார்க் கரைக்குச் செல்வது அதற்கான முதற்படியாகும். ஊர்ப்பெயர்களையும் கடற்சொற்களையும் தொகுக்கும் பணியைத் தமிழ்ச் சங்கம் நெடுங்காலமாகச் செய்துவருவதே. அப்பணியில் அச்சொற்களுக்குரிய உரிமைகளையும் சேர்த்துக்கொள்வதற்குப் புதிய துறையொன்றைத் தோற்றுவிக்க வேண்டியதில்லை.